பொடி பக்கத்து வளையத்துக்கு ஓடாமல் வெள்ளிச் சங்கிலி பற்றவைப்பது எப்படி?

வெள்ளிச் சங்கிலி செய்யப் பழகுகிறவர்களுக்குத் தனி வளையத்தைப் பற்றவைப்பது சீக்கிரம் வந்துவிடும். இரண்டு வளையங்களை மூன்றாவதில் கோத்துப் பற்றவைக்கும்போதுதான் சிக்கல். பற்றவைப்புக்கு உருக்கும் பொடி பக்கத்து வளையத்திலும் இறங்கி, மூன்றும் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். என் முதல் சங்கிலியில் ஐந்து இடங்களில் இப்படி ஆனது. பொடியைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன், பலன் இல்லை. நான் சரிசெய்ய வேண்டியிருந்தது சூட்டை.

பொடி என்பது பற்றவைக்கும் உலோகக் கலவை. பட்டறையில் அதை அரத்தால் ராவி, வெங்காரத்தோடு (போராக்ஸ்) சேர்த்து, இணைப்பில் வைத்து ஊதுகுழலால் ஊதி உருக்குவார்கள். ‘பொடி வைத்துப் பேசுவது’ என்ற வழக்குக்கும் இந்த வேலையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். இப்போது தகடாகவும் பசையாகவும்கூடக் கிடைக்கிறது. எந்த வடிவில் வாங்கினாலும் அதன் குணம் ஒன்றுதான்: உருகியதும் சூடு அதிகமுள்ள பக்கம் ஓடும், மெல்லிய இடுக்கு கிடைத்தால் அதற்குள் ஏறும். இந்த இரண்டையும் நமக்குச் சாதகமாக்கிக்கொள்வதுதான் வேலை.

என்ன வேண்டும்

1 மி.மீ. கனமுள்ள 925 வெள்ளிக் கம்பி (நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி), 4 மி.மீ. உருண்டைக் கம்பி ஒன்று (சுற்றுவதற்கு), வாள், இரண்டு குறடு, பூட்டிக்கொள்ளும் சாமணம், கரிக்கட்டி, வெங்காரம், சிறு பியூட்டேன் டார்ச். இந்த அளவில் 47 வளையங்கள் கோத்தால் சுமார் 19 செ.மீ. வரும். ஒரு கைச்சங்கிலிக்குப் போதும்.

பொடியில் ஹார்ட், மீடியம், ஈஸி என்று வகை உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்றாலும், ஈஸி 710 டிகிரி வாக்கிலும், மீடியம் 740 வாக்கிலும், ஹார்ட் 780 வாக்கிலும் ஓடும். 925 வெள்ளியோ 800 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். மெல்லிய வளையம் அந்த இடைவெளியைக் கண் இமைக்கும் நேரத்தில் தாண்டும். அதனால் கை பழகும்வரை ஹார்ட் வேண்டாம். தனி வளையங்களுக்கு மீடியம், கோக்கும் வளையங்களுக்கு ஈஸி. முதலில் போட்ட இணைப்பு மறுபடி உருகாமலிருக்க இது உதவும்.

காட்மியம் இல்லாத பொடிதானா என்று கேட்டு வாங்குங்கள். காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ஈயப் பற்றை வெள்ளிப் பக்கமே கொண்டுவராதீர்கள். பிறகு டார்ச் பட்டால் ஈயம் வெள்ளியை அரித்துக் குழி விழச் செய்யும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

வளையம் தயாரிப்பது

கம்பியை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி, தண்ணீரில் போட்டு இளக்கிக்கொண்டு சுற்றுங்கள். விறைப்பான கம்பியில் செய்த வளையம் டார்ச் பட்டதும் தளர்ந்து வாய் திறந்துகொள்ளும். பொடி அந்த நேரத்தில் போக இடமில்லாமல் ஒரு பக்கமாக வழியும்.

சுருளை வாளால் அறுங்கள். வெட்டுக் குறடு போட்டால் முனை ஆப்பு மாதிரி கூராகிவிடும், இரண்டு முகமும் சேராது. மூடும்போது பக்கவாட்டில் முன்னும் பின்னும் அசைத்து, முகத்தோடு முகம் அழுந்தும்படி நிறுத்துங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இணைப்பில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடி மூடுங்கள். பொடி இடைவெளியை நிரப்பும் என்று பலர் நம்புகிறார்கள். நிரப்பாது. முகங்கள் ஒட்டி நின்றால்தான் அது உள்ளே இழுபடும். சங்கிலியில் வரும் கோளாறுகளில் பாதிக்குமேல் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன என்பது என் அனுபவம்.

முதலில் 24 தனி வளையங்கள்

பொடித் தகட்டை அரை மி.மீ. சதுரங்களாக நறுக்குங்கள். ஒரு வளையத்துக்கு ஒரு துண்டு போதும். கரிக்கட்டியில் துண்டை வைத்து, இணைப்பு அதன்மேல் படும்படி வளையத்தைக் கிடத்துங்கள். இணைப்பில் வெங்காரக் குழம்பு தொடுங்கள்.

வெங்காரத்துக்குள் நீர் இருக்கிறது. சட்டென்று சூடு காட்டினால் பொங்கி, துண்டைத் தள்ளிவிடும். அதனால் முதலில் சுடரைத் தூரத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். பொங்கல் அடங்கி வெண்மையாகப் படியும். பிறகு நெருங்கி, வளையம் முழுவதையும் சூடாக்குங்கள். வெங்காரம் கண்ணாடியாகத் தெளிந்தால் வேளை நெருங்கிவிட்டது. அடுத்த சில நொடிகளில் இணைப்பில் ஒரு வெள்ளிக்கோடு பளிச்சென்று ஓடும். அந்தக் கணமே டார்ச்சை எடுத்துவிடுங்கள். அறை விளக்கைக் கொஞ்சம் மங்கலாக வைத்தால் இந்த நிறமாற்றம் நன்றாகத் தெரியும்.

சுடரைப் பொடியின் மேலேயே காட்டக் கூடாது. உலோகம் சூடேறுமுன் பொடி உருகினால் முத்தாகத் திரண்டு நிற்கும், உள்ளே போகாது. அப்படித் திரண்டபிறகு சூட்டைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். வளையத்தைக் கழுவி, புதிதாக வெங்காரம் இட்டுத் தொடங்குங்கள்.

இனி கோப்பது

பற்றவைத்த இரண்டு வளையங்களைத் திறந்த வளையம் ஒன்றில் கோத்து மூடினால் மூன்றுகண்ணித் துண்டு. இரண்டு மூன்றுகளை ஒரு வளையம் சேர்த்தால் ஏழு. இரண்டு ஏழுகள் பதினைந்து, இரண்டு பதினைந்துகள் முப்பத்தொன்று. அதோடு ஒரு வளையம் போட்டு இன்னொரு பதினைந்தைச் சேர்த்தால் 47. ஒரே வரிசையில் கோத்துக்கொண்டே போவதைவிட இது மேல். நீளமான சங்கிலியைக் கையாளும் இணைப்புகள் கடைசியில் சிலவே வரும்.

பற்றவைக்கும் வளையத்தின் இணைப்பு மேலே பார்க்க, அதற்கு நேர் எதிரே அடிப்பக்கத்தைச் சாமணத்தில் பிடியுங்கள். பக்கத்து வளையங்கள் கீழே இரு புறமும் தொங்கட்டும். சாமணம் சூட்டை உறிஞ்சும். அதை இணைப்புக்குப் பக்கத்தில் ஓரமாகப் பிடித்தால் அந்தப் பாதி ஆறிப்போய், பொடி மறுபாதிக்கு ஓடிவிடும்.

பக்கத்து வளையங்கள் தொடும் இடத்தில் மஞ்சள் காவி மண்ணைத் தண்ணீரில் குழைத்து மெல்லிய தூரிகையால் பூசுங்கள். காவி இருக்கும் இடத்தில் பொடி ஒட்டாது. ஆனால் இணைப்பின் முகத்தில் ஒரு துளி பட்டாலும் அங்கேயும் ஒட்டாது. வெங்காரத்தை முதலில் இட்டு உலரவிட்டு, அப்புறம் காவியைத் தொடுவது நல்லது. தொழிற்சாலைகளில் சங்கிலி முழுவதையும் பொடியில் தோய்த்து, டால்க் தூளில் புரட்டி உலைக்குள் அனுப்பும் முறை உண்டு. அங்கும் வெளிப்புறத்தில் பொடி பரவாமல் தடுப்பது டால்க்.

ஈஸித் துண்டை இணைப்பின் மேல் வையுங்கள். சுடர் சிறியதாக, மேல்பாதியில் மட்டும் படட்டும். இணைப்பின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிக் காட்டுங்கள். இரண்டு முனையும் ஒரே நிறத்துக்கு வரவேண்டும். ஒன்று முன்னால் சிவந்தால் சுடரை மற்றதற்கு நகர்த்துங்கள். துண்டு ஒரு பக்கம் சாய்கிறதா, அந்தப் பக்கம்தான் சூடு அதிகம். கோடு ஓடியதும் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் என்று காட்டினால் பொடியில் உள்ள துத்தநாகம் ஆவியாகி இணைப்பில் ஓட்டை விழும்.

அப்படியும் ஒட்டிக்கொண்டால் வெட்டி எறிய வேண்டாம். வெங்காரம் இட்டு மறுபடி சூடாக்கி, பொடி இளகும் கணத்தில் இரும்பு ஊசியால் பக்கத்து வளையத்தை மெதுவாக விலக்குங்கள். மிஞ்சியதை நுண்ணரத்தால் ராவிக்கொள்ளலாம்.

கழுவுவதும் முடிப்பதும்

காவியைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகு, சூடான எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் போட்டு வெளுக்கவிடுங்கள். அந்தக் கரைசலில் இரும்புச் சாமணம் வேண்டாம், வெள்ளியின் மேல் செம்பு படியும். மர இடுக்கி போதும். ஒவ்வொரு வளையத்தையும் குறடால் இழுத்துப் பாருங்கள்.

விற்சுருள் வைத்த கொக்கியை மாட்டுவதானால், சங்கிலியின் முனையில் இன்னொரு வளையத்தால் கோத்து, அந்த வளையத்தைப் பற்றவைக்காமல் இறுக்கி மூடிவிடுங்கள். சூடு பட்டால் கொக்கிக்குள் இருக்கும் எஃகுச் சுருள் துவண்டு, பிறகு கொக்கி மூடாது.