பங்கை விற்கும் முன் வழக்கின் கட்டத்தைப் பாருங்கள்

அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் வைத்திருப்பவர்கள் தேர்தல் முடிவைப் பார்த்துப் பதறாமல், நீதிமன்றத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். கூகுள் மீதான தேடுபொறி வழக்கை 2020 அக்டோபரில் தொடுத்தது டிரம்ப் அரசு. விசாரணை நடந்தது பைடன் காலத்தில். சட்டவிரோத ஏகபோகம் என்ற தீர்ப்பு 2024 ஆகஸ்டில் வந்தது. அந்த ஏகபோகத்தைச் சரிசெய்ய கூகுள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பரிகார உத்தரவு வந்தபோது மறுபடியும் டிரம்ப்! இரு கட்சிகளும் வழக்கைக் கைவிடவில்லை.

அந்த உத்தரவுதான் விலையை அசைத்தது. 2025 செப்டம்பர் 2 அன்று நீதிபதி அமித் மேத்தா, குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை என்றார். மறுநாள் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் பங்கு சுமார் 9 சதவீதம் ஏறியது. கூடவே ஆப்பிளும் ஏறியது. ஆப்பிளுக்கு இதில் என்ன என்கிறீர்களா? தன் சஃபாரி உலாவியில் கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைத்திருக்க 2022இல் மட்டும் அதற்குக் கூகுளிடமிருந்து 2,000 கோடி டாலர் கிடைத்தது. அந்த வரவை நீதிபதியின் உத்தரவு முழுதாக அடைக்கவில்லை.

ஆகவே ஆண்டறிக்கையில் ‘சட்ட நடவடிக்கைகள்’ பகுதியை முதலில் புரட்டுங்கள். ஆட்சி மாற்றத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. முன்பு நடந்த ஏகபோக வழக்கில், மைக்ரோசாஃப்ட்டை இரண்டாகப் பிரிக்கும் கோரிக்கையை 2001 செப்டம்பரில் கைவிட்டது புஷ் அரசுதான். ஆனால் ஜூன் மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் இட்ட பிரிப்பு உத்தரவை ரத்து செய்திருந்தது.