ஊசி உடைந்தால்: டெய்லர்களுக்கு ஒரு போன் பாடம் தயாரிப்பது எப்படி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தொழிலாளர்களுக்கு ஆன்லைன் பாடங்கள் தயாரிப்பது என் வேலை. ஆபீஸ்காரர்களுக்கான நீளமான ஸ்லைடு பாடத்தை ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் தலையில் கட்டாதீர்கள். கை பதறும் நேரத்தில் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தால் அவருக்குப் போதும்.

ஊசி உடைவதையே எடுத்துக்கொள்வோம். நுனி ஒரு குழந்தையின் உடுப்புக்குள் தங்கிவிடலாம். அதனால்தான் ஆர்டர் கொடுக்கும் பையர்கள் இதில் அவ்வளவு கண்டிப்பு.

பாடத்தின் கடைசிக் கேள்வியை முதலில் எழுதுங்கள். "ஊசி உடைந்துவிட்டது. நுனியைக் காணோம். சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லை. என்ன செய்வீர்கள்?" தவறான விடைகளும் ஆட்கள் நிஜமாகவே செய்பவையாக இருக்க வேண்டும்: புது ஊசி மாட்டித் தைப்பது, தரையில் தேடிவிட்டு பண்டிலை (துணிக் கட்டை) செக்கிங்குக்குத் தள்ளுவது. இவை ஆபீசில் உட்கார்ந்தால் கிடைக்காது. தையல் லைனில் போய் நில்லுங்கள், டெய்லருக்கு உதவியாக இருக்கும் கைமடிப் பெண்களிடம் பேசுங்கள்.

அப்புறம் வீடியோ. இரண்டு நிமிடம் போதும். மெஷினை நிறுத்துவது, பண்டிலை நகர்த்தாமல் சூப்பர்வைசரைக் கூப்பிடுவது, துண்டுகளைச் சேர்த்து முழு ஊசியோடு ஒப்பிடுவது, உடைந்த ஊசிகளுக்கான ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டுவது. நுனி கிடைக்காவிட்டால் சுற்றியுள்ள பீஸ்கள் அத்தனையும் மெட்டல் டிடெக்டருக்குப் போக வேண்டும். உங்கள் மெஷினிலேயே, உங்கள் டெய்லர் ஒருவரின் கைகளை, போனை நெட்டுவாக்கில் பிடித்து எடுங்கள். விலைக்கு வாங்கிய வீடியோவில் வேறு மாடல் மெஷின் ஓடினால், 'இது நமக்கில்லை' என்று நினைத்துவிடுவார்கள். ஒடிசா, பீகார் ஆட்களுக்கு ஒடியா, இந்தி குரல் வேண்டும். அந்த ஊர்க்காரர் ஒருவரையே பேச வையுங்கள்.

பாடத்தைப் போனில் ஏற்றித் தர மூடில் (Moodle) என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம்தான், நல்லதும்கூட. ஆனால் ஈமெயில், பாஸ்வேர்டு என்று கேட்டால் பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். கம்பெனியில் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கும் டோக்கன் நம்பரைப் போட்டால் பாடம் திறக்கட்டும். பார்க்கும் நேரமும் சம்பள நேரமாகவே இருக்க வேண்டும். டீ இடைவேளையில் பார்க்கச் சொல்வது அநியாயம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

படித்தது வேகமாக மறக்கும் என்று 1885-லேயே ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹாஸ் தன்னையே சோதித்து எழுதிவிட்டார். ஆகவே ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு கேள்வியைத் திரும்ப அனுப்புங்கள்.

எத்தனை பேர் பாடத்தை முடித்தார்கள் என்ற கணக்கை நம்பாதீர்கள். ஸ்டோரில் கொடுத்த புது ஊசிகளையும் ரெஜிஸ்டரில் ஒட்டிய துண்டுகளையும் லைன் வாரியாக ஒப்பிடுங்கள். இடைவெளி பெரிதாக இருக்கும் லைனில் டெய்லரைக் கூப்பிடும் முன் சூப்பர்வைசரிடம் பேசுங்கள். டார்கெட் அவசரத்தில் அவரே ஊசியை மாற்றச் சொல்கிறார் என்றால், அடுத்த பாடம் அவருக்குத்தான்.