அந்தமானிலிருந்து புக்கெட்டுக்கு: பாய்ப்படகில் செல்லும் தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்குக்கும் இரங்கூனுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யச் சென்ற ஐயாக்களின் (பாட்டனார்களின்) வழிவந்த காரைக்குடி, தேவகோட்டைத் தம்பதியர் எவரேனும், தாங்களே செலுத்தும் சிறு பாய்ப்படகில் அந்தமானிலிருந்து தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கும், பிறகு பினாங்குக்கும் செல்ல விரும்பினால் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஐயாக்கள் கப்பலில் பயணிகளாகச் சென்றவர்கள். படகை நடத்துவோர் செய்யக்கூடிய தவறுகள் வேறு.

அவற்றுள் மிகப் பெரியது, ஊரிலேயே புறப்படும் நாளையும் சேரும் நாளையும் உறுதி செய்துவிடுவது. தைப்பூசத்துக்குப் பினாங்கு நகரத்தாரின் வெள்ளி ரதத்தைக் காண வேண்டும் என்ற ஆசை நல்லதே. வாடைக்காற்று சீராக வீசும் தை, மாசி மாதங்கள் அக்கடலைக் கடக்க ஏற்றவையும்கூட. ஆயினும் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்னைய போர்ட் பிளேயர்) புக்கெட் ஏறத்தாழ 400 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் அது 80 மணி நேரப் பயணம். காற்று விழுந்தால் இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ கூடும். நாள் நெருக்கும்போதுதான் மோசமான வானிலை முன்னறிவிப்பைப் பார்த்த பிறகும் புறப்படத் தோன்றுகிறது. அறியாத துறைக்குள் இருட்டில் நுழையவும் துணிகிறார்கள். கரைக்கு அப்பால் படகை நிறுத்தி வைத்து, விடிந்தபின் நுழைவதே முறை. உறவினரிடம் எந்தத் தேதியையும் வாக்காகக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது உறக்கம். முதல் நாள் உற்சாகத்தில் இருவரும் விழித்திருந்துவிட்டு, இரண்டாம் இரவில், கடல்நோயும் சேர்ந்துகொள்ள, இருவரும் ஒருங்கே தளர்ந்துபோவதுண்டு. புறப்பட்ட முதல் மாலையிலிருந்தே மூன்று அல்லது நான்கு மணி நேர முறைவைத்து ஒருவர் காவலிருக்க, மற்றவர் உறங்க வேண்டும். மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்லும் சரக்குக் கப்பல்கள் அந்தமான் கடலில் குறுக்கிடும். 18 நாட் வேகத்தில் வரும் கப்பல் 6 கடல் மைலை 20 நிமிடத்தில் கடந்துவிடும். அருகிலுள்ள கப்பல்களைத் திரையில் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியை மட்டும் நம்புவதும் தவறு, ஏனெனில் மீன்பிடி படகுகள் பலவற்றில் அது இருப்பதில்லை.

பாயும் சுக்கானும் கணவனுக்கு, சமையல் மனைவிக்கு என்று வேலையைப் பிரித்துக்கொள்வதை நான் மிகக் கடுமையாக எதிர்க்கிறேன். அவர் கடலில் விழுந்தால் படகைத் திருப்பி அவரை மேலேற்ற வேண்டியவர் அவருடைய மனைவி ஒருவரே. ஆகவே பாயைச் சுருக்குவது, எஞ்சினை இயக்குவது, வி.எச்.எப். வானொலியின் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்பது ஆகிய அனைத்தையும் இருவரும் தனித்தனியே செய்து பழக வேண்டும். ஒருவர் உறங்கும்போது மற்றவர் தம்மைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரை மாட்டாமல் மேல்தளத்தில் நடக்கக் கூடாது. இருட்டுவதற்கு முன்பே பாயைச் சுருக்கிவிட்டால் அந்த நடையே குறையும்.

குடிநீரை ஒரே தொட்டியில் வைக்காமல், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம், தாமதத்துக்கான இருப்பும் சேர்த்துப் பல கேன்களில் பிரித்து வையுங்கள். குடியேற்றம், சுங்கம், துறைமுகம் ஆகிய மூன்றின் அனுமதியும் பெறாமல் கிளம்பினால் மறுகரையில் சிக்கல் வரும்.

ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவியை வாங்கிவிட்டுப் பதிவு செய்யாமல் விடுவதும் பெரும் தவறு. இந்தியக் கருவிகளுக்கான பதிவும் கண்காணிப்பும் பெங்களூரில் இஸ்ரோவின் பொறுப்பில் நடக்கின்றன. பதிவின்போது நீங்கள் தரும் தொலைபேசி எண், பெரிய வீட்டின் பட்டாலையில் (கூடத்தில்) ஒலித்து ஓய்வதாக இல்லாமல், எந்நேரமும் எடுத்துப் பேசுபவருடையதாக இருக்க வேண்டும். படகின் நிறம், பாதை, எத்தனை நாள் தாமதத்துக்குப் பிறகு கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைக்க வேண்டும் என்பவற்றை எழுதி அவரிடமே கொடுத்துச் செல்லுங்கள்.