நிபுணர் சொன்னால் முடிந்ததா? கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். கல்குவாரிக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். மேடையில் அதிகாரிகள், பக்கத்தில் திரை, அதில் ஓடும் அட்டவணைகள். குவாரி வந்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்ற தாக்க அறிக்கையைத் தயாரித்த நிறுவனத்திலிருந்து வந்தவர், காற்றில் மிதக்கும் நுண்தூசு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று வாசித்து முடித்தார். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் மாமா, எனக்கும்தான். மஞ்சப்பையிலிருந்து ஒரு கொத்து மாவிலையை எடுத்து, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டால் ஒரு இலையைத் துடைத்து, துண்டை மேடைப் பக்கம் விரித்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் தடயம். "ஐயா, நீங்க எந்த மாசம் அளந்தீங்க?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அறிக்கையைப் புரட்டினோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐப்பசி, கார்த்திகை என்றால் நம் பக்கம் மழை. மழை பெய்யும்போது தூசு எங்கே பறக்கும்? மா பூப்பது தையிலும் மாசியிலும். பூவில் தூசு படிந்தால் பிஞ்சு நிற்காது என்பது பெங்களூரா ரக மா போட்டிருக்கும் எந்த விவசாயிக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் யாரும் அளக்கவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாசித்தவர் பொய் சொல்லவில்லை. காற்றில் மிதக்கும் பி.எம். 10 நுண்தூசுக்கு நம் நாட்டில் 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அது மனிதர் மூச்சில் போகும் தூசைப் பற்றிய கணக்கு. இலையிலும் பூவிலும் போய் உட்காரும் தூசு வேறு, அதை அளக்கும் முறையும் வேறு. அவருக்குக் கொடுத்த கேள்விக்கு அவர் சரியாகவே பதில் சொன்னார், நம் கேள்விதான் அவரிடம் போய்ச் சேரவேயில்லை. இந்த மாதிரிக் கூட்டங்களுக்குச் சில வருடங்களாகப் போய்வருகிறேன், தர்மபுரி பக்கமும் கிருஷ்ணகிரி பக்கமும். நாம் செய்கிற தவறுகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன.

முதல் தவறு, "படிச்சவங்க சொல்லிட்டாங்க, நாம என்ன பேசுறது" என்று உட்கார்ந்துவிடுவது. நிபுணர் சொல்லக்கூடியது, இப்படிச் செய்தால் இப்படி ஆகும் என்பதுதான். வெடி வைத்தால் அதிர்வு இத்தனை தூரம் போகும், பள்ளம் இத்தனை ஆழம் போனால் கிணற்றில் நீர் இவ்வளவு இறங்கலாம் என்று சொல்ல அவருக்குப் படிப்பு இருக்கிறது, கருவி இருக்கிறது. ஆனால் அந்த அளவு நட்டத்தை ஒரு ஊர் தாங்கிக்கொள்ள வேண்டுமா, யாருடைய கிணறு இறங்கலாம், யாருடைய வீட்டுச் சுவர் விரிசல் விடலாம் என்பதற்கு எந்தக் கருவியும் கிடையாது. அது நாமும் நாம் தேர்ந்தெடுத்தவர்களும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். "பாதிப்பு ஏற்கத்தக்கது" என்று அறிக்கையில் ஒரு வரி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். யாருக்கு ஏற்கத்தக்கது, அதை யார் முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் அதே அளவுக்குக் கெடுதல். "இவனுங்க எல்லாம் காசு வாங்கினவனுங்க" என்று மைக்கைப் பிடித்துத் திட்டுவது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருபவர்தான், அது உண்மை, நம் நாட்டு ஏற்பாடே அப்படித்தான் இருக்கிறது. அதனால் அறிக்கையைச் சந்தேகத்தோடு படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் நிபுணத்துவமே வேண்டாம் என்று தூக்கிப்போட்டால் நமக்குத்தான் நட்டம்.

தர்மபுரி மாவட்டத்துத் தண்ணீரையே பாருங்கள். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்ததையும், பெரியவர்களுக்கு முட்டி மடக்க முடியாமல் போனதையும் ஊர் கண்ணால் பார்த்தது. காரணம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஃபுளோரைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ஒரு சொம்பு மொண்டு குடித்தால் ருசியாகத்தான் இருக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி இன்னும் கூடும். பாறைக்குள் ஆழமாகப் போர் போட்டு எடுக்கும் தண்ணீரில் அது இருக்கிறது, 1 லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். அனுபவம் எவ்வளவு பெரிதானாலும் இதைக் கண்டுபிடித்திருக்காது. ஆனால் அதற்கு என்ன செய்வது, வீட்டுக்கு வீடு வடிகட்டி கொடுப்பதா, காவிரியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருவதா, எந்த ஊருக்கு முதலில் என்பதெல்லாம் அரசியல் முடிவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குப் பின்னால் மருத்துவரும் ஆய்வகமும் இருந்தார்கள், பல வருடம் குரல் கொடுத்த மக்களும் இருந்தார்கள். இதில் ஒரு பக்கம் மட்டும் இருந்திருந்தால் குழாய் வந்திருக்காது.

மூன்றாவது, கூட்டத்தைத் தேர்தல் என்று நினைப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிக உழைப்பு வீணாகும் இடம் இதுதான். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக்கேட்பில் வாக்கெடுப்பு கிடையாது, இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற கணக்கும் கிடையாது. மூன்று வேன் பிடித்து ஆள் கொண்டுவந்து, எல்லோரும் வரிசையாக நின்று "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனால் அது எதிர்ப்பு என்று பதிவாகும், அத்தோடு சரி. அதே இடத்தில் ஒரே ஒருவர் "பூக்கும் பருவத்தில் இலையில் படியும் தூசை ஏன் அளக்கவில்லை" என்று கேட்டால் கதை மாறுகிறது. கூட்டத்தில் எழுந்த ஒவ்வொரு முக்கியமான கவலைக்கும் திட்டக்காரர் தன் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதிலை மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு உட்கார்ந்து படிக்கும். எதிர்ப்பைத் தாராளமாகச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. கூடவே பதில் சொல்லித் தீர வேண்டிய ஒரு கேள்வியையும் வையுங்கள். வாயால் சொல்வதோடு விடாமல் எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டம் முழுக்க வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. முடிவில் பேசியவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி. பெரும்பாலும் அந்த நேரத்தில் நம் ஆட்கள் டீக்கடையில் இருப்பார்கள். இருங்கள், கேளுங்கள், உங்கள் கேள்வி விட்டுப்போயிருந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

அப்புறம், அறிக்கையின் முடிவுரையை மட்டும் படிப்பது. முடிவுரை எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். எந்த மாதம், எந்த இடத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கும்போது அளந்தார்கள் என்ற பக்கங்களுக்குப் போங்கள். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வழிவதை நாம் பார்த்திருக்கிறோம், பெங்களூருப் பக்கத்துக் கழிவைச் சுமந்துகொண்டு தென்பெண்ணை வருகிறது. நுரை இல்லாத ஒரு நாளில் தண்ணீர் எடுத்து அளந்தால் கிடைக்கும் எண்ணும், நுரை பொங்கும் நாளில் எடுத்தால் கிடைக்கும் எண்ணும் ஒன்றாகவா இருக்கும்? இரண்டும் உண்மையான எண்கள்தான். தேதியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். யார் எந்தத் துறைக்குப் பொறுப்பு என்ற பட்டியலும் அறிக்கையிலேயே இருக்கும், நிலவியல் படித்தவர் பறவைகளைப் பற்றி எழுதியிருந்தால் அதையும் கேட்கலாம். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கை, ரஷ்யாவில் இருக்கும் ஒரு சுரங்கத்தின் அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டிருந்தது பின்னால் தெரியவந்தது. இப்படிப்பட்டதெல்லாம் வரி வரியாகப் படித்தால்தான் வெளியே வரும்.

படிக்க எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்களா? கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். இந்தத் தமிழ்ச் சுருக்கத்தைப் பற்றி எனக்கு நிறையக் கோபம் உண்டு. ஒன்றில் நிலத்தடி நீர்மட்டம் என்று வர வேண்டிய இடத்தில், ஆங்கிலத்தின் "வாட்டர் டேபிளை" அப்படியே பெயர்த்து "நீர் மேசை" என்று இருந்தது. படித்துப் பார்த்த அக்கா ஒருவர், ஏதோ தொட்டி கட்டித் தரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கிணற்றை நம்பி வாழ்கிறவருக்குக் கிணற்றைப் பற்றிய வரியே புரியாமல் போவது சின்னக் குறை இல்லை. புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் "இது புரியவில்லை, விளக்குங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

மொழி கைவிட்டால் நல்ல ஆலோசனையும் கெட்டுப்போகும். சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது, 2012-இல்தான் வெளியே விட்டார்கள். எந்தப் பகுதிக்கு என்ன கட்டுப்பாடு என்பதைக் கிராமசபைகளோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்று சொன்ன அறிக்கை அது. ஆனால் மக்கள் கைக்கு அவர்கள் மொழியில் வருவதற்கு முன்பே, நம்மை மலையை விட்டு விரட்டப் போகிறார்கள் என்ற பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. 2024-இல் தமிழ்நாட்டு யானை வழித்தடங்கள் பற்றிய நிபுணர் குழு அறிக்கை வந்தபோதும் ஆங்கிலத்தில், மிகக் குறுகிய அவகாசத்தில் கருத்துக் கேட்டார்கள். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ராகி முற்றும் காலத்தில் பரண் மேல் ராத்திரி முழுக்க உட்காருகிறவனிடம் கேட்டால், பெங்களூருப் பக்கத்துப் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து வரும் யானைக் கூட்டம் எந்த ஓடையில் இறங்கும் என்று சொல்வான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் மின்வேலியில் மாட்டிச் செத்தன. யானையும் விவசாயியும் பிழைக்க வேண்டுமென்றால் அந்த ஆளின் தகவல் வரைபடத்துக்குள் போயிருக்க வேண்டும்.

அதற்கு நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. நமக்குத் தெரிந்ததைக் காகிதத்தில் வைக்காமல் இருப்பது இன்னொரு பெரிய தவறு. "காலங்காலமா எங்களுக்குத் தெரியும்" என்பது அறிக்கையில் ஏறாது. எங்கள் பக்கத்துத் தோட்டத்து அத்தை, கல்லைக் கட்டிய கயிற்றைக் கிணற்றில் இறக்கி, நனைந்த இடம் வரை முழம் போட்டு, மாதக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். மோட்டார் எப்போது போடலாம் என்று பார்ப்பதற்காக, மூன்று வருடம். ஒரு கல்லூரியிலிருந்து வந்த நிலவியல் ஆசிரியர் அந்தக் காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துக்கொண்டார், இப்படி ஒரு பதிவு எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை என்றார். தேதி, இடம், அளவு, இந்த மூன்றும் இருந்தால் உங்கள் நோட்டும் சான்றுதான். வெடி வைக்கும் நேரத்தை எழுதுங்கள், சுவர் விரிசலின் ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டுப் படம் எடுங்கள். அருகில் அரசுக் கல்லூரி இருந்தால் அங்கே போய் ஒரு ஆசிரியரிடம் கேளுங்கள். நிபுணர் என்றால் எதிர்ப்பக்கத்தில்தான் இருப்பார் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று, கூட்டம் முடிந்ததும் மறந்துவிடுவது. கூட்டத்தில் அனுமதி கொடுப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. அது நிபுணர் குழுவுக்குப் போய், அங்கிருந்து மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குப் போகும். நிபுணர் குழு பரிந்துரை செய்யும், ஆணையம் முடிவெடுக்கும். இறுதி அறிக்கையில் உங்கள் கேள்விக்கு என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். அனுமதி கிடைத்துவிட்டால் அதோடு வரும் நிபந்தனைகளின் நகலை வாங்கிக் கிராமசபையில் சத்தமாக வாசியுங்கள். தூசுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், மரம் நட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும், நடக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். முடிவு தப்பு என்று தோன்றினால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது, அங்கே நீதிபதியோடு துறை அறிந்த நிபுணர் உறுப்பினரும் உட்கார்ந்து கேட்பார். அதற்கு 30 நாள்தான் அவகாசம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அனுமதி வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.