வெள்ளம் வடிந்த வீட்டில் உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு மலேசியாவின் பினாங்கில் பேய்மழையும் காற்றும் சேர்ந்து அடித்தன. கடலும் பெருகி நின்றதால் ஆற்றுத் தண்ணீருக்குப் போக வழியில்லை. 7 பேர் இறந்தார்கள். தீவிலும் செபராங் பிறையிலும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. செப்டம்பரில் வந்த வெள்ளத்தின் ஈரம்கூடச் சில வீடுகளில் அப்போது முழுசாகக் காய்ந்திருக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று பாராமல் ஜனங்கள் வாளியும் துடைப்பமுமாகக் கிளம்பிவிட்டார்கள். கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்கிற வேலை என்றால் நம் ஊரில் ஆளுக்குக் குறைவே இருக்காது. ஆனால் அவசரப்பட்டுச் செய்கிற உதவி அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு நஷ்டமாகப் போய் முடிவதையும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அவற்றைச் சொல்லி வைக்கலாம் என்று தோன்றியது.

உள்ளே கால் வைக்கும் முன்

வாசலில் நின்றே கேட்டுவிடுங்கள்: மெயின் சுவிட்சை அடைத்தாகிவிட்டதா? பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதே என்று நம்பி உள்ளே போகக்கூடாது. தெரஸ் வீடுகளில் பிளக் பாயிண்டுகள் பெரும்பாலும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். இடுப்பளவு தண்ணீர் வந்த வீட்டில் அத்தனையும் முழுகியிருக்கும். ஆட்டோ கேட் மோட்டார் தரையோடு தரையாக இருக்கும், அதை யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. தண்ணீரில் நின்றபடி சுவிட்ச் பெட்டியைத் தொடாதீர்கள். பெட்டிக்குப் போக வேறு வழி இல்லையென்றால் 15454இல் டிஎன்பி மின்சார நிறுவனத்தைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருங்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேன் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மின்சாரத்தைத் திரும்பப் போட வேண்டும். "ஃபேன் மட்டும் போட்டுப் பார்ப்போமே" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

ஜெனரேட்டர் கொண்டுவந்து உதவுகிறவர்கள் அதை வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் போர்ச்சிலோ ஓட்டக்கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். வெட்டவெளியில், சன்னல்களை விட்டுத் தள்ளி வையுங்கள். முழுகிய காரில் சாவியைத் திருப்பிப் பார்ப்பது, மோட்டார் சைக்கிளைக் கிக் அடித்துப் பார்ப்பது, இரண்டும் வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே உள்ளே இருக்கும் பாகங்கள் வளைந்துவிடலாம். அப்படியே தள்ளிக்கொண்டு போய் பட்டறையில் விட்டிருந்தால் பிழைத்திருக்கும் வண்டி அது.

பினாங்கில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கடல் நாளுக்கு இரண்டு முறை பெருகும், இரண்டு முறை வற்றும். சுங்கை பினாங்கு ஆற்று ஓரத்திலும் ஜாலான் பி. ரம்லி மாதிரியான தாழ்ந்த இடங்களிலும், பெருக்கோடு மழையும் சேர்ந்தால் தண்ணீர் திரும்பி வரும். கழுவிய வீட்டை மறுபடி கழுவுவது மனசை உடைக்கிற வேலை. வற்று நேரம் பார்த்துத் தொடங்கினால் கழுவுகிற தண்ணீரும் லொங்காங்கில் (வடிகாலில்) சீக்கிரம் இறங்கும்.

ஸ்லிப்பரோடு வராதீர்கள். சேற்றுக்கு அடியில் ஆணி கிடக்கும், உடைந்த கண்ணாடி கிடக்கும். ரப்பர் பூட்ஸும் தடித்த கையுறையும் கட்டாயம். அலமாரிக்குப் பின்னால் பாம்பு தெரிந்தால் 999ஐ அழைத்து பொம்பாவை (தீயணைப்புப் படையை) வரச் சொல்லுங்கள், வீரம் காட்ட வேண்டாம்.

கேட்காமல் தூக்கிப் போடுவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். மற்றதையெல்லாம் பணம் கொடுத்தாவது சரி செய்யலாம்.

ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு வீடு. நல்ல பிள்ளைகள்தான், காலையிலேயே வந்து, மத்தியானத்துக்குள் கூடத்தைக் காலி செய்துவிட்டார்கள். மெத்தை, சோபா, அலமாரி, சாமி அறைப் படங்கள், கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள், எல்லாம் ரோட்டோரக் குவியலுக்குப் போய்விட்டன. அந்த வீட்டுப் பாட்டியைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள், பாவம், இதையெல்லாம் பார்க்க வேண்டாமே என்று. அவர் வெளியே வந்து பார்த்துவிட்டு நேராகக் குவியலுக்குப் போனார். ஊறிப்போன மெத்தைக்கு அடியில் முழங்கை வரை கையை விட்டுத் தேடினார். "மெத்தை போனா போவுது தம்பி. எங்க வீட்டுக்காரரு படம் அது ஒண்ணுதான் இருக்கு." சேறு அப்பிய சட்டம் ஒன்று கடைசியில் கிடைத்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் படம் உள்ளே இருந்தது.

அதனால் வீட்டுப் பெரியவரை அப்புறப்படுத்தாதீர்கள். நிழலான இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். வெளியே வருகிற ஒவ்வொரு பொருளையும் காட்டி, "பாட்டி, இதை என்ன செய்யட்டும்?" என்று கேட்பது மட்டும்தான் அப்படி நிற்கிறவருடைய வேலை. வைப்பது, போடுவது, பிறகு பார்ப்பது என்று வாசலில் மூன்று இடம் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இடத்தில்தான் பொருள் அதிகம் சேரும், சேரட்டும். வேலை மெதுவாகும் என்பது உண்மைதான். ஆனால் எல்லாம் போன வீட்டில், எது போகலாம் என்று சொல்கிற அதிகாரமாவது அந்தப் பெரியவர் கையில் இருக்க வேண்டும்.

நனைந்த போட்டோக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிய்க்காதீர்கள், படமே உரிந்து வந்துவிடும். சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசினால் தானாகப் பிரியும். பிரிந்ததைப் படப்பக்கம் மேலே வைத்து நிழலில் காய விடுங்கள். அன்றைக்கு நேரமில்லையென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு, மின்சாரம் இருக்கிற யார் வீட்டு ஃபிரீசரிலாவது வைத்துவிடுங்கள், வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைக் கண்ணாடியோடே விட்டுவிடுங்கள். பிறப்புப் பத்திரம், வீட்டுக் கிராண்ட் (உரிமைப் பத்திரம்) போன்ற தாள்களுக்கும் வெயிலும் ஹேர் டிரையரும் ஆகாது.

சாமிப் படத்தைக் குப்பைப் பையில் போடாதீர்கள். உடைந்திருந்தாலும் தனியாக எடுத்து வைத்து, வீட்டாரிடம் கேட்டு, பக்கத்துக் கோயிலில் சேர்க்கலாம். சீனர் வீட்டுச் சாமி மேடைக்கும் அதே மரியாதைதான். மலாய்க்காரர் வீட்டில் குர்ஆன் நனைந்திருந்தால் கை வைக்கும் முன் அவர்களிடமே கேளுங்கள். சூராவுக்கு (தொழுகைக்கூடத்துக்கு) அதைச் சேர்ப்பிக்க வேண்டிய முறை அவர்களுக்குத் தெரியும்.

தூக்கிப் போடும் முன் படம் எடுக்கவும் மறக்கக்கூடாது. சுவரில் தண்ணீர் ஏறிய கோடு, ஒவ்வொரு அறை, டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அவற்றின் சீரியல் நம்பர், எல்லாம் படத்தில் இருக்கட்டும். காப்புறுதி கேட்பதற்கும் அரசு உதவிக்கும் அதுதான் சாட்சி. 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் வெள்ளம் வந்தபோது பந்துவான் வாங் இஹ்சான் என்று குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் கொடுத்தார்கள். இந்த மாதிரி உதவிக்குப் பெயர் பதிந்திருக்கிறதா என்று கேட்டு, விண்ணப்பப் பாரம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். சேறு வாருவதற்குக் கொஞ்சமும் குறையாத உதவி அது. அப்புறம், அந்தப் படங்கள் வீட்டாருடைய போனில்தான் இருக்க வேண்டும். அழுகிற அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி பேனர் பிடித்து எடுக்கிற படம் யாருக்கும் வேண்டாம்.

சேறு, கிளோராக்ஸ், ஊறுகாய்

சேற்றை ஈரமாக இருக்கும்போதே வார வேண்டும், காய்ந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டிவரும். மண்வெட்டியால் வாரிச் சாக்கில் கட்டுங்கள், லொங்காங்கில் தள்ளிவிடாதீர்கள். அடைத்துக்கொண்ட லொங்காங் அடுத்த மழையில் அதே வீட்டுக்குள் தண்ணீரைத் திருப்பி அனுப்பும். பழைய சாமான்களையும் லொங்காங் மேலே அடுக்காமல், லோரி வந்து அள்ள வசதியான இடத்தில் குவியுங்கள். கழுவும்போது சுவரை முதலில், தரையைக் கடைசியில். பின்பக்கம் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள்.

கிளோராக்ஸ் என்கிற குளோரின் பிளீச் விஷயத்தில் தவறாத வீடே இல்லை. சேற்றின் மேலேயே ஊற்றுகிறார்கள். அழுக்கு இருக்கிற இடத்தில் குளோரின் வேலை செய்யாது. முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கிளோராக்ஸ். தரைக்கும் ஓட்டுக்கும் 20 லிட்டர் தண்ணீரில் ஒரு கப், அதாவது 240 மில்லி போதும். பூஞ்சை பிடித்த கெட்டியான பரப்புக்கு 4 லிட்டரில் ஒரு கப். வாசனை தூக்கலாக இருந்தால்தான் கிருமி சாகும் என்று நினைத்து, கழிவறை கழுவும் ஆசிட்டையோ வினிகரையோ அதோடு கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். கலந்தால் எழும்புவது விஷ வாயு. அமோனியா உள்ள கிளீனரும் கூடவே கூடாது. சன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும்.

சாப்பாட்டுச் சாமான்களில் பரிதாபம் பார்க்க முடியாது. அரிசி, மாவு, மசாலாத் தூள், வெள்ளத் தண்ணீர் தொட்ட எதுவும் வேண்டாம். மூடி இறுகத்தானே இருக்கிறது என்று ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைக்கச் சொல்வார்கள். திருகு மூடியின் இடுக்கில் அழுக்குத் தண்ணீர் தங்கும், கழுவினாலும் போகாது. போன வருஷத்து மாங்காய், சொந்தக் கையால் போட்டது என்பார்கள். ஏன் கூடாது என்று உட்கார்ந்து எடுத்துச் சொல்லி, அவர்கள் கையாலேயே போட வையுங்கள். நசுங்காத, துருப்பிடிக்காத டின்களை மட்டும் லேபிளை உரித்து, கழுவி, கிளோராக்ஸ் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து வருகிற சாப்பாட்டுக்கும் கணக்கு வேண்டும். ஒரே தாமானுக்கு (குடியிருப்புக்கு) நாலு கூட்டம் நாசி லெமாக் கொண்டுவரும், இரவுக்கு ஒன்றும் இருக்காது. சமைத்த உணவைச் சமைத்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். பழந்துணி மூட்டைகளைப் பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. புதிய உள்ளாடை, பெரியவர்களுக்கான டயப்பர், வாளி, கையுறை, சர்க்கரை வியாதி மாத்திரை வாங்க ஒரு ஆள், இப்படி என்ன தேவை என்று கேட்டு, அதைக் கொண்டு போங்கள்.

கூட்டம் கலைந்த பிறகு

முதல் சனி, ஞாயிறில் தெரு நிறைய ஆள் இருக்கும், அடுத்த வாரம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். உண்மையில் அப்போதுதான் வேலை நிறைய. செங்கல் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். பொங்கலுக்குள் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஈரச் சுவரில் சாயம் அடித்தால் கொஞ்ச நாளிலேயே கொப்புளித்து, உள்ளே கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். பலகைத் துகளில் செய்த சமையலறை கேபினட் ஊதிவிட்டால் அதைக் காப்பாற்ற முடியாது. நல்ல மரச்சாமானை வெயிலில் போடாமல் நிழலில் காய வைத்தால் மீளும். கேஸ் தோங் (சிலிண்டர்) முழுகியிருந்தால் ரெகுலேட்டரையும் குழாயையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். வீட்டைச் சுற்றிக் கிடக்கிற வாளி, டயர், தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் போதும்.

பேச்சிலும் கவனம் வேண்டும். "விடுங்க, பொருள்தானே போச்சு" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். தண்ணீர் ஏறிய கதையை ஐந்தாவது முறை சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதவப் போனவர்கள் தங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் சின்னக் கீறல் வழியாகவும் உடம்புக்குள் போய் எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். மலேசியாவில் 2010 முதல் மருத்துவர்கள் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் அது. பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள், சிலருக்கு ஒரு மாதம் வரை தள்ளியும் காய்ச்சல் வரும். தலைவலி, கெண்டைக்காலில் கடுமையான வலி, கண் சிவப்பு இருக்கலாம். சாதாரணக் காய்ச்சல் என்று பானடோல் போட்டுக்கொண்டு படுத்துவிடாமல், கிளினிக்குக்குப் போய், வெள்ளச் சேற்றில் வேலை செய்ததை எந்தத் தேதியில் என்பதோடு டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களோடு வந்த மற்றவர்களுக்கும் போன் செய்து கேளுங்கள்.