செல்லப்பிராணியை இழந்தவருக்கு மருத்துவமனைப் பணியாளர் துணைநிற்கும் முறை

கால்நடை மருத்துவமனையில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள், துயரத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது என்றே கவலைப்படுகிறார்கள். ஆனால், பேச்சைவிட முன்கூட்டியே செய்துவைக்கும் ஏற்பாடுகள்தாம் அவருக்குப் பெரிதும் உதவுகின்றன.

முதலில், கருணைக்கொலை என்று முடிவானவுடன் ஒப்புதல் படிவம், கட்டணம், உடலைப் புதைப்பதா எரியூட்டுவதா என்ற முடிவு ஆகியவற்றை ஊசி போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அழுதுகொண்டிருப்பவரை ரசீதுக்காகக் காத்திருக்க வைக்கக் கூடாது.

அடுத்து, நடக்கப்போவதை மருத்துவரோ அவர் சொற்படி நீங்களோ நிதானமாக விளக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். வழக்கமாக முதலில் மயக்க மருந்து தரப்படும். பிறகு பென்டோபார்பிட்டால் போன்ற மருந்து ரத்தநாளம் வழியே செலுத்தப்பட்டதும், பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் மூச்சும் இதயத்துடிப்பும் நின்றுவிடும். அதன் பின்னும் கண்கள் மூடாமல் இருக்கலாம், தசைகள் துடிக்கலாம், மூச்சை இழுப்பதுபோலத் தோன்றலாம், சிறுநீர் வெளியேறலாம். இவை வலியின் அறிகுறிகள் அல்ல என்பதை முன்பே அறியாத உரிமையாளர், தம் நாய் துடிதுடித்து இறந்ததாகவே நெடுநாள் எண்ணி வருந்துவார். உடனிருப்பதா, வெளியே காத்திருப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். எந்த முடிவையும் குறைத்துப் பேசாதீர்கள்.

மூன்றாவதாக, பிராணியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள். "வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்பது ஆறுதல் ஆகாது. "முன்பே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்குமா?" என்ற கேள்வி அநேகமாக வரும், தெரியாமல் சமாதானம் சொல்லாமல், நோயின் போக்கை அறிந்த மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். குழந்தைகளிடம் "தூங்குகிறது" என்று சொல்ல வேண்டாம். சில குழந்தைகள் அதன்பின் உறங்கவே அஞ்சுவார்கள். இறந்துவிட்டது, இனி எழாது என்று எளிமையாகச் சொல்வதே நல்லது.

பிறகு, காலில் செருகிய ஊசிக்குழலை எடுத்து, ரத்தக்கறையைத் துடைத்து, உடலைத் தூய துணியில் போர்த்திக் கொடுங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றினால் கையோடு ஒப்படையுங்கள்.

இறுதியாக, அன்றைக்கே பதிவேட்டில் இறப்பைக் குறித்து, தடுப்பூசி நினைவூட்டல் குறுஞ்செய்திகளை நிறுத்துங்கள். சில நாள் கழித்துத் தொலைபேசியில் நலம் விசாரியுங்கள். அப்போது அவர் உயிர்வாழவே விருப்பமில்லை என்பதுபோலப் பேசினால், அதை வெறும் புலம்பலாகக் கொள்ளாமல், வீட்டாருக்கும் மனநல மருத்துவருக்கும் உடனே தெரியும்படி செய்யுங்கள்.