கொடுக்காமல் போன படம்: தெருப் புகைப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னை பூக்கடைப் பகுதிக்கு அருகே ஒரு குறுகிய தெருவில் நின்றிருந்தபோது, புதிதாகக் கேமரா வாங்கியிருந்த இளைஞர்கள் நான்கைந்து பேர் படம் எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் அவர்கள் செய்த தவறுகளில் பெரும்பாலானவை, பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே நகரத்துத் தெருக்களில் நான் செய்தவை. லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பாதி வழியில் பேட்டரி தீர்ந்துபோவது, படம் அசைந்துபோவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பத்து நாள் பழக்கத்தில் அவை தாமாகவே சரியாகிவிடும். தாமாகச் சரியாகாத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்லன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வேலைக்குக் கிளம்பும் முன் முக்கால் மணி நேரம் தெருவில் நடந்து படம் எடுப்பது எனக்கு வாய்த்த இளைப்பாறல். ஆகவே பரிசு வாங்கும் படம் எடுப்பது எப்படி என்பதை என்னால் சொல்ல முடியாது. மனம் அமைதியாக வீடு திரும்புவதைக் கெடுக்கும் தவறுகள் எவை என்பதை மட்டுமே சொல்ல முடியும்.

ஒரே காலையில் நகரம் முழுவதையும் சுற்றுதல்

விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம், அங்கிருந்து கோயம்பேடு பூச்சந்தை, பத்து மணிக்குள் மயிலாப்பூர் மாட வீதிகள் என்று திட்டமிட்டுக் கிளம்புபவர்களின் முகத்தில் நான் அமைதியைக் கண்டதே இல்லை. அது விடுமுறை நாளில் தலையில் ஏற்றிக்கொண்ட இன்னொரு வேலையாகவே ஆகிவிடுகிறது. அதோடு, ஒவ்வோர் இடத்துக்கும் தனக்கென்று ஒரு காலம் உண்டு என்பதும் இப்படிச் சுற்றுபவர்களுக்குத் தெரியாமல் போகிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இதை அறியாமல் மே மாதத்தில் காசிமேட்டுக்குப் போய், வழக்கமான பரபரப்பைக் காணாமல் ஏமாந்து திரும்புபவர்கள் பலர். வாரம் தவறாமல் அங்கே போய்வருபவருக்கோ, வலை பின்னுவதும் படகைப் பழுது பார்ப்பதும் வண்ணம் பூசுவதுமாக அந்த இரண்டு மாதங்களே நிதானமாகப் படம் எடுக்க உகந்தவை என்பது தெரிந்திருக்கும்.

கபாலீஸ்வரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் நடக்கும் அறுபத்துமூவர் விழாவுக்கும் இது பொருந்தும். அன்று மாட வீதிகளில் கேமராக்களுக்குக் குறைவே இருக்காது. அதே வீதியில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில், கடையின் படியைக் கழுவிக் கோலமிடும் பெண்மணியைப் படம் எடுக்க ஒருவரும் வருவதில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய ஒரு தெருவைத் தேர்ந்துகொண்டு, மூன்று மாதம் அந்த ஒரு தெருவுக்கே போய்வாருங்கள். எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எந்தக் கடை எப்போது திறக்கிறது, யார் எந்தத் திண்ணையில் அமர்ந்து நாளிதழ் படிக்கிறார் என்பதெல்லாம் மனத்தில் பதிந்த பிறகு, படத்தைத் தேடி நீங்கள் அலைய வேண்டியிருக்காது.

நண்பகல்

சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாட்களையொட்டி நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். கண்கள் இரண்டும் கருங்குழிகளாகத் தெரியும். வீட்டில் இருங்கள்.

எட்ட நின்று ஜூம் செய்தல்

கூச்சத்தால் செய்கிற தவறு இது. நானும் முதல் ஆண்டிலேயே 70-300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை வாங்கி, தெருவின் மறுகோடியில் நின்று யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தொலைவில் நின்று எடுக்கும்போது முன்னே இருப்பவரும் பின்னே இருப்பவையும் ஒரே தகட்டில் ஒட்டியவைபோல் ஆகிவிடுகின்றன. தெரு என்கிற இடப்பரப்பே படத்தில் இருப்பதில்லை. அதைவிடப் பெரிய கேடு, ஒளிந்திருந்து எடுப்பவரின் உடல், ஒளிந்திருப்பவரின் படபடப்பிலேயே இருப்பது. அதில் இளைப்பாறலுக்கு இடமில்லை.

28 அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். முழுச்சட்ட சென்சார் (பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள ஒளியுணரி) உள்ள கேமராவில் 28 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தி, ஒளி புகும் துளையை எஃப் 8 என்று வைத்து, மூன்றரை மீட்டர் தொலைவில் குவியத்தை நிறுத்திவிட்டால், ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து தெருவின் கோடி வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டர் வேகம் விநாடியில் 250இல் ஒரு பங்கோ அதற்கும் விரைவாகவோ இருந்தால் நடப்பவர்கள் மங்க மாட்டார்கள். அதன்பின் கருவியைப் பற்றி நினைக்க வேண்டியதே இல்லை. கைபேசியின் முதன்மைக் கேமராவும் ஏறத்தாழ இதே அகலப் பார்வை உடையதுதான்; புதிதாக எதையும் வாங்காமலே தொடங்கலாம்.

தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் போதல்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த ஒரு தவறுதான்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், திருவல்லிக்கேணியில் கடற்கரையை நோக்கி நீளும் ஒரு சந்துக்கு நான் வாரந்தோறும் போவேன். மார்ச் மாதத்தில் சூரியன் நேர் கிழக்கே எழும்போது அந்தச் சந்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வெளிச்சம் தடையின்றிப் பாயும். சந்தின் நடுவில் ஒரு பூவரச மரத்தடியில் இஸ்திரி வண்டி ஒன்று நிற்கும். கரிப்பெட்டியை ஈரத்துணியின்மேல் வைத்தவுடன் எழும் ஆவியில் அந்த வெளிச்சம் புகுந்து நிற்பதை எடுக்கத்தான் நான் போனேன். ஒரு நாள் இஸ்திரி போடுபவரே என்னை அழைத்து, தம்மையும் மனைவியையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். திருமணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூடத் தங்களிடம் இல்லை என்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். எடுத்தேன். அடுத்த வாரம் கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னேன்.

அடுத்த வாரம் கொண்டுபோகவில்லை. அதற்கடுத்த வாரமும் கொண்டுபோகவில்லை. மூன்றாவது முறை, “சார், அந்த போட்டோ?” என்று அவர் கேட்டபோது, ஸ்டூடியோ மூடியிருந்தது என்று பொய் சொன்னேன். நான்காவது வாரம் அந்தச் சந்துக்குள் நுழையக் கூச்சப்பட்டு வேறு தெரு வழியாகப் போனேன். அப்படியே இரண்டு ஆண்டுகள் அந்தச் சந்தின் பக்கமே போகவில்லை. எனக்குத் தெரிந்த தெருக்களிலேயே மிக நல்ல வெளிச்சம் விழும் தெருவை, ஒரு தேநீருக்கும் ஒரு வடைக்கும் ஆகிற செலவில் முடிந்திருக்கக்கூடிய ஒரு காரியத்தைச் செய்யாததால் இழந்தேன். கடைசியில் ஒரு நாள் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனபோது வண்டி அங்கே இல்லை. பின்னாலிருந்த பழைய வீட்டை இடித்து அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று அங்கிருந்த யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிரிண்ட் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இழப்பு என்னோடு நின்றிருந்தால் இதை இவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டேன். சென்ற மாதம் அதே பூக்கடைத் தெருவில், மூட்டை ஏற்றிய கைவண்டியின் அருகே நின்ற ஒருவரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். “போன மாசம் ஒரு தம்பி எடுத்தாரு. கண்டிப்பா தரேன்னாரு. வரவேயில்லை. நீங்களும் அப்படித்தானே?” என்றார். அவர் கேட்டதில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. அடுத்த அரை மணி நேரத்தில், அந்த இளைஞர்களில் ஒருவர் கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், “அனுப்பிவைக்கிறேன் அக்கா” என்று சொல்லிவிட்டு நகர்வதைக் கண்டேன். எந்த எண்ணுக்கு அனுப்புவது என்று அவர் கேட்கவே இல்லை. நாம் ஒவ்வொருவரும் இப்படிச் சொல்லிவிட்டுப் போகும் சொல்லுக்கான கடனை, நமக்குப் பின்னால் அந்தத் தெருவுக்கு வருகிற எல்லாரும் சேர்ந்து அடைக்கிறார்கள்.

தர எண்ணமில்லை என்றால் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். புன்னகையும் நன்றியும் போதும். பெரும்பாலானோர் அதற்குமேல் எதிர்பார்ப்பதில்லை. தருகிறேன் என்று சொன்னால் அங்கேயே ஒரு சிறு குறிப்பேட்டில் அவர் பெயரையும் இடத்தையும் அருகிலுள்ள அடையாளத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை அந்தப் பக்கங்களைப் பார்த்து மொத்தமாகப் பிரிண்ட் போட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் அதைக் கேட்டால் அனுப்புங்கள். ஆனால் கைபேசி மாறும்போது அந்தப் படம் போய்விடுகிறது. காகிதத்தில் கொடுத்தது கடையின் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிரிண்ட் போடுவதிலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 4க்கு 6 அங்குல அளவுக்கு 1,200க்கு 1,800 புள்ளிகள் இருந்தாலே நன்றாக வரும். எந்தக் கைபேசிப் படமும் அதற்குமேல் தாங்கும். ஆனால் கைபேசிப் படத்தின் விகிதம் பெரும்பாலும் 4க்கு 3 என்பதால், ஸ்டூடியோவில் அப்படியே கொடுத்தால் ஓரங்களை வெட்டிவிடுவார்கள். நெருக்கமாக எடுத்த படத்தில் தலையின் உச்சி போய்விடும். ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப் படத்தையும் அடிக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரை தானே ஒளிர்வது, காகிதம் அப்படியல்ல. திரையில் சரியாகத் தெரியும் முகம் காகிதத்தில் இருண்டுபோகும். நம்முடைய மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் இது இன்னும் அதிகமாக நேரும் என்பதால், கொடுக்கும் முன் முகத்தின் வெளிச்சத்தை ஒரு படி கூட்டிவைப்பது நல்லது. இன்னொன்று: படத்தில் இருப்பவர் இல்லாதபோது, குறிப்பாகப் பெண்களின் படத்தை, பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர் கையிலோ அவர் வீட்டார் கையிலோ மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் இன்னொரு நாள் போங்கள்.

நடைபாதையில் உறங்குபவர்கள்

எடுக்காதீர்கள்.

கூட்டமாகச் சூழ்தல்

பத்துப் பேர் சேர்ந்து போவதில் தவறில்லை. அந்தப் பத்துப் பேரும் தள்ளாத வயதுடைய ஒரே மூதாட்டியின் முன் மண்டியிட்டு, ஒரே நேரத்தில் கேமராவைத் தூக்குவதுதான் தவறு. ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் விலகிப் போய்விடுங்கள்.

ஈரப்பதத்தை மறத்தல்

நம் ஊரில் லென்ஸுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. கேமராவைத் தோல் பையிலோ துணிப்பையிலோ வைத்து மாதக்கணக்கில் பீரோவுக்குள் பூட்டினால், கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். முற்றிவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஈரப்பதம் நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்தவுடன் தெருவில் லென்ஸைக் கழற்றாதீர்கள், உள்ளே நீர் படியும். மெரினாவிலிருந்தோ காசிமேட்டிலிருந்தோ திரும்பியதும் கேமராவின் உடலைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து உலரவிடுங்கள். உப்புக் காற்று உலோகத்தை விடாது.

எடுத்த இடத்திலேயே அழித்தல்

ஒவ்வொரு படத்தையும் எடுத்தவுடன் குனிந்து திரையைப் பார்ப்பவர், அந்தச் சில விநாடிகளில் தெருவில் நடப்பதைத் தவறவிடுகிறார் என்பது ஒரு பக்கம். பார்த்ததும் பிடிக்காததை அங்கேயே அழிப்பது அதைவிட மோசமானது. நியூயார்க் தெருக்களைப் படம்பிடித்த கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமை உடனே கழுவ மாட்டார். எடுத்தபோதிருந்த உணர்ச்சி அடங்கிய பிறகே படத்தைச் சரியாக மதிப்பிட முடியும் என்பது அவர் கருத்து. 1984இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ 2,500 சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. ஒரு மாதம் பொறுத்தால் போதும். இன்றைய மெமரி கார்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர், ஜாம்பஜார்ப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு தையல்காரர். பக்கவாட்டு வெளிச்சத்தில் பாதி முகம் நிழலில் மூழ்கியிருக்க, அவர் ஊசியில் நூல் கோர்க்கும் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஆண்டில் நான் எடுத்தவற்றிலேயே சிறந்தது அது என்று நினைத்திருந்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “முகம் முழுசா தெரியற மாதிரி ஒண்ணு எடுத்தீங்களே சார், அது இல்லையா?” என்று கேட்டார். இருந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு நிமிர்ந்து நின்று கேமராவை நேராகப் பார்க்கும் படம். எடுத்தவுடன் உதவாது என்று முடிவுகட்டி, சோம்பலால் மட்டுமே அழிக்காமல் விட்டது. அடுத்த மாதம் அதைக் கொண்டுபோனேன். இன்னொரு பிரதி கிடைக்குமா, செங்கல்பட்டில் இருக்கும் மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.